இறக்கம்

வெள்ளி மாலை எதையும் மேம்படுத்தாதே
என்று கோல்பெய்ன் எழுதி ஒட்டிய தாளுக்கு
நேர் கீழேதான் யோருனின் நாற்காலி.
ஐந்தரை மணி. இருநூற்றுப் பதினேழு பொதிகள்.
தொடரலாமா என்று திரை கேட்டது.
அது கேட்கும், இவள் ஆம் என்பாள்,
ஆறு வருடமாய் இப்படித்தான்.

வேலியில் போன ஓணானை எடுத்து
மடியில் விட்டுக்கொள்வது என்பார்கள்.
ஐஸ்லாந்தில் ஓணான் இல்லை.
மடி எல்லா நாட்டிலும் இருக்கிறது.

மறுபடி எழுந்த கணினி அழகாகத்தான் இருந்தது.
சாளரங்களுக்கு மூலை மழுங்கியிருந்தது,
எழுத்து கொஞ்சம் மெலிந்திருந்தது.
ஊருக்கு மேலே சரிவில் நட்ட
ஒன்பது பனிச் சென்சார்களில்
ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

வடகிழக்குக் காற்று. நேற்றிலிருந்து பொழிகிறது.
கீழே எழுபது வீடு, ஒரு மீன் ஆலை,
வெந்நீர்க் குளத்தின் ஆவிக்குள் கத்தும் பிள்ளைகள்.

"மலை என்ன சொல்கிறது?" தொலைபேசியில் கோல்பெய்ன்.
"அது சொல்லிக்கொண்டுதான் இருக்கும்.
நமக்குத்தான் காது போய்விட்டது."
அவர் ஏசவில்லை. வண்டி கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது.
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நிறுத்தி
பெரிய விளக்கைச் சரிவில் அடித்து
பைனாகுலரில் அளவுக்கம்பத்தைப் படித்து
கால் மணிக்கொரு எண் சொன்னார், ஆறேகாலிலிருந்து.
இவள் அதைப் பீட்சா அட்டையின் முதுகில் எழுதினாள்.

பிறகு இறங்கத் தொடங்கினாள்.

பழைய பொதிகளைக் கழித்துக்கட்ட வேண்டுமென்று
இரண்டு வருடமாய்த் தள்ளிப்போட்ட சோம்பல்
அன்று அவளுக்குச் சோறு போட்டது.
எல்லாம் கிடங்கில் அப்படியே, எண்ணும் தேதியுமாக.

முதலில் கெர்னல். பழையதில் எழுப்பிப் பார்த்தாள். மௌனம்.
அடுத்து, சென்சாரோடு கம்பிவழி பேசும் நூலகம்.
நான்காம் பதிப்பை விட்டு மூன்றுக்கு இறங்கு என்றால்
தனியே வரமாட்டேன் என்றது.
வரைபடம் தீட்டுவது ஒன்று, கடிகாரம் பார்ப்பது ஒன்று,
எதற்கென்றே தெரியாத இன்னொன்று,
மூன்றும் அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டன.
முதல் இரண்டும் சொன்னபடி இறங்கின.
மூன்றாவதோ, தனக்கும் கீழே
எல்லாவற்றையும் தாங்கும் அடிநூலகத்தையும்
இறக்கச் சொல்லிக் கேட்டது.
யோருன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.
அக்குரேரியில் முன்பு பார்த்த வேலையில்
அதை ஒருமுறை இறக்கியிருக்கிறாள்;
பிறகு கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளைகூட
செத்துக் கிடந்தது.
ஆகவே இடைப்பட்ட பதிப்பு ஒன்றைத் தேடினாள்,
மேலே இருப்பதோடும் கீழே இருப்பதோடும்
ஒத்துப்போகக் கூடியதாக.
போன மார்ச் மாதத்தது ஒன்று இருந்தது.

பழைய குருடி, கதவைத் திறடி.
கேலிக்குச் சொல்வது.
அன்றிரவு அது வேண்டுதல்.

பன்னிரண்டு நாற்பதுக்கு ஆறாம் எண் பேசியது.
பிறகு இரண்டு. ஒன்பது. மொத்தமாய் மற்றவை.
நான்கு மட்டும் இல்லை.
நான்கு, நான்கு என்று கம்பியைப் பிடுங்கிச் செருகி
இருபது நிமிடம் வியர்த்த பிறகு நினைவு வந்தது:
அது அக்டோபரிலேயே செத்துப்போனது.

"இருநூற்றுப் பதினொன்று என்கிறது ஆறு."
"நான் பதினான்கு என்றேனே.
மூன்று சென்டிமீட்டர் என் மூக்குக்கண்ணாடி."
"வீட்டுக்குப் போங்கள்."
"ஹீட்டர் வேலை செய்தால் போவேன்," என்றார்,
பல் கிட்டித்துக்கொண்டு.

நான்கு பொதிகளுக்கும் பூட்டுப் போட்டாள்,
இனி யார் ஆம் என்றாலும் நகராதபடி.
வரைபடத்தில் ஏழு மணிநேரம் வெள்ளையாய்க் கிடந்தது.
பீட்சா அட்டையின் இருபத்தாறு எண்களையும்
எண்ணெய்க் கறையை விலக்கிப் படித்து
ஒவ்வொன்றாய் ஏற்றினாள்.
எந்தச் சென்சார் என்று கட்டம் கேட்டது.
கோல்பெய்ன் என்று அடித்தாள். ஏற்கவில்லை,
எண்தான் வேண்டுமாம்.

நான்கு என்று போட்டாள்.
அது காலியாகத்தான் இருந்தது.