வலது மூலை

எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசிய ரேம்
சட்டைப்பையில் உறுத்த,
ஜெயநகர் வார்டு ஆபீஸ் வரிசை.

ஊர்ப்பணத்தில் எழுதிய நிரலை
ஊருக்குத் திறந்து காட்டு:
இது என் கட்சி.
உறுப்பினர் ஒருவர்.

முழு விலை கொடுத்த விளையாட்டு
சர்வரை அணைத்ததும் செத்தது.
நாற்பத்தோராம் லெவலில் ஜெயித்த வாள்
எவன் வீட்டுப் பரணில் இப்போது?
அதற்கும் சட்டம் வேண்டும் என்றேன்.
"கூத்கொள்ளி சார்" என்றார் புட்டமாதய்யா.

அவர் திரையின் வலது மூலையில்
மங்கலாய்ச் சாம்பல் எழுத்து:
விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்.
ராஜாங்கமே இரவல் காப்பியில் ஓடுகிறது!
சொல்ல வாயெடுத்தேன்.

"கம்ப்யூட்டர் தெரியுமா? பிரிண்டர் படுத்து மூணு நாளாச்சு."

மேஜைக்கடியில் குனிந்தேன்.
எலி கடித்த பிஸ்கட், தூசி,
கழன்ற கேபிள்.
செருகினேன்.

கடகடவென்று வந்தன
முந்தாநாள் நின்றுவிட்டுப் போனவர்களின்
ரசீதுகள்.