நான்காம் நாற்காலிக்கு ஐந்து இறால்கள்

காலை ஆறுக்கு
டயாலிசிஸ் வார்டின் நீரறையில்
மீட்டர் முனையை நனைப்பேன்.
மாலை ஏழுக்கு வீட்டில்
வேறு மீட்டர், அதே நனைப்பு.
வுப்பர்டால் நகரத்தில் என்னைப்போல
நாள் முழுக்கத் தண்ணீரைச் சந்தேகிக்கும் பெண்
இன்னொருத்தி இருந்தால் சொல்லுங்கள்.

வடிகட்டி வடிகட்டி
ஒன்றுமே இல்லாமல் ஆன நீரில்
எதுவும் பிழைக்காது.
அங்கே ரத்தத்துக்கு, இங்கே இறாலுக்கு
எடுத்த உப்பையே
எண்ணி எண்ணித் திருப்பிப் போடுகிறேன்.

ஒன்பது தொட்டிகள்.
ஜன்னலுக்கு வெளியே தொங்கு ரயில் போகும்போதெல்லாம்
ஒன்பதிலும் நீர் ஒருமுறை சிலிர்க்கும்.
அவை கண்டுகொள்வதில்லை.
இலையைச் சுரண்டு, வாயில் வை,
இலையைச் சுரண்டு, வாயில் வை.
அந்த வாதுமை இலை
ஏதோ வெயில் ஊரின் தெருவில் உதிர்ந்து
பெருக்குபவரின் இடுப்பை ஒடித்தது.
இங்கே பத்து இலை நான்கு யூரோ.

சட்டை உரித்த அன்று
கண்ணாடியில் செய்ததுபோல ஒரு வெற்றுடம்பு கிடக்கும்.
செத்ததென்று முதல் வருடம் மூன்று முறை அழுதேன்.
உரித்தவளோ கல்லுக்கடியில்
புதுத் தோல் இறுகட்டும் என்று ஒண்டியிருப்பாள்.
அவள் வாசனை நீரில் கரைந்த இரவு
ஆண்களுக்குப் பித்துப் பிடிக்கும்,
தொட்டியின் நான்கு சுவரிலும் முட்டிக்கொள்வார்கள்.
பிறகு அவள் வயிற்றடியில் இருபத்தைந்து முட்டை.
நாலு வாரம், இரவும் பகலும், விசிறல்.

சனிக்கிழமை தரம் பிரிப்பு.
டார்ச், கரண்டியளவு வலை.
சிவப்பு காலிலும் இறங்கியிருந்தால் முதல் தொட்டி.
முதுகு வெளிறி உள்ளே குடல் தெரிந்தால்
ஒன்பதாவது.

நான்காம் நாற்காலி, திரு. ஓஸ்டன்டார்ப்.
வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம்.
அவருக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான்,
சூப்பும் சேர்த்து, மாத்திரை விழுங்குவதும் சேர்த்து.
"உன் பிராணிகளுக்கு எவ்வளவு?"
"நானூற்றைம்பது."
வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"விலை போகாததில் ஐந்து கொடு."

கொடுத்தேன். பத்து லிட்டர் ஊறுகாய் ஜாடி,
ஒரு பிடி பாசி.
செம்பு ஆகாது, சோப்புக் கை ஆகாது,
தீனி மிளகளவு என்று
ஒரு பக்கம் எழுதியும் கொடுத்தேன்.
அதை மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு
முட்டுக் கொடுத்திருக்கிறார். பிறகு பார்த்தேன்.

மார்ச்சில் ஒரு செவ்வாய், நாற்காலி காலி.
காலி நாற்காலியிடம் நாங்கள் எதுவும் கேட்பதில்லை.
விரிப்பை மாற்றுவோம்.
ஷிஃப்ட் முடியும்போது சொன்னார்கள்:
எஸன் நகரத்தில், நள்ளிரவில்,
ஒரு சிறுநீரகம் வந்து சேர்ந்ததாம்.
எனக்கு முதலில் தோன்றியது
(மறைப்பானேன்)
ஜாடி.

ஐந்து வாரம் கழித்து அவரே கூப்பிட்டார்.
செத்ததை அள்ளும் வலையோடு போனேன்.
மூன்றிலொரு பங்கு நீர் வற்றியிருந்தது,
கண்ணாடி முழுக்கப் பச்சை.
மீட்டரை நனைத்தேன்.
அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூசியது.
விரலால் பச்சையைத் துடைத்தால்
காற்புள்ளி, காற்புள்ளி, காற்புள்ளி...
நாற்பத்தொன்றோடு எண்ணுவதை விட்டேன்.
எல்லாம் வெளிறல். ஓடைக்கல் நிறம்.
அந்த மாதம் முதல் தொட்டியில்
நான் பதினொன்றை இழந்திருந்தேன்.

"இனி ஜாடிக்குள் கை விடக் கூடாதாம்.
மருந்து அப்படி. பார்க்கலாமாம்."
சொல்லிக்கொண்டே குழாயைத் திறந்து
ஒரு பீர் கிளாஸ் நிறையப் பிடித்தார்.
நின்றபடி குடித்தார்.
தொண்டை ஏறி இறங்க ஏறி இறங்க
பழக்க தோஷம், நான் மில்லிலிட்டர் எண்ணினேன்.
பாதியில் நிறுத்தி, வாயைத் துடைத்து,
மிச்சத்தை ஜாடியில் கவிழ்த்தார்.

கை நீட்டினேன்.
பிறகு இழுத்துக்கொண்டேன்.

மீட்டரை அணைக்க மறந்திருக்கிறேன்.
வீடு வந்தபோது
கோட்டுப் பையில் பேட்டரி தீர்ந்திருந்தது.