நாற்பது நிமிடம்

முதல் தடவை பதினான்கு பக்கம் கொண்டுபோனோம்.
அறக்கட்டளை பதிவான வருஷம், நிறுவியவர் படம்,
நோக்கங்கள் எட்டு, அவற்றின் உட்பிரிவுகள்,
ஒரு சால்வை, அரைக்கிலோ நேந்திரங்காய் வற்றல்.
எம்.எல்.ஏ. சால்வையை வாங்கி, படத்துக்குச் சிரித்து,
அதைத் தோளிலிருந்து உருவி யாரிடமோ நீட்டிய நேரத்தில்
என்ன கேட்க வந்தோம் என்பது
எங்களுக்கே தெளிவில்லை.
"ஆவன செய்வோம்."
எவை ஆவன, எப்போது ஆகும்?
கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு
தக்கலையில் ஆளுக்கொரு சாயா குடித்தோம்.

வாசலில் உதவியாளர் ஸ்ரீகண்டன் மட்டும் சொன்னார்:
"மனு வாசிக்கியது நான்தான் பாத்துக்கிடுங்க.
கார் ஏறி கதவ அடைக்கியதுக்குள்ள
அவருகிட்ட சொல்லி முடிக்கணும். அம்புட்டுதான் நேரம்."

அன்றிரவு ஆட்டோ வாடகைப் பேரேட்டை விரித்தேன்.
நான் பொருளாளர்; எனக்கு வேறு ஜெபம் தெரியாது.
கடற்கரை ஊர்களில் டயாலிசிஸ் செய்பவர்கள் பத்தொன்பது பேர்.
ஆசாரிப்பள்ளத்தில் முதல் கட்டில் ஆறரைக்கு.
முதல் பஸ் போய்ச் சேர்வது ஏழு பத்துக்கு.
இடையிலுள்ள நாற்பது நிமிடத்தைத்தான்
வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் காசால்
ஆறு வருஷமாக அடைத்துக்கொண்டிருந்தோம்.
ஆண்டறிக்கையில் 'இரக்கப்பணி' என்று எழுதியிருந்தது
ஒரு கால அட்டவணைப் பிழை.

கமிட்டியில் சண்டை.
"அரசியல் நமக்கெதுக்கு? பதிவு போயிரும்" என்றார் ஞானசிகாமணி.
"ரோட்டுல இருந்தாதான் கேப்பான்" என்றான் பிரிட்டோ.
ஓட்டுப் போடச் சொல்லவும் வேண்டாம்,
போடாதே என்று சொல்லவும் வேண்டாம்,
பஸ் கேட்போம் என்றேன். பஸ்ஸுக்கு எந்தக் கொடி?

போவதற்கு முன் மூன்று விடியற்காலை
குளச்சல் டெப்போவில் நின்று பார்த்தேன்.
ஐந்து பத்துக்கு வெளியே வரும் வண்டி
திங்கள்சந்தையில் விளக்கணைத்துச் சும்மா நிற்கிறது.
நாற்பது நிமிடம்.
வேறெங்கும் தேட வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் தடவை ஒரு பக்கம். கூடவே குறும்பனை ததேயு.
ததேயு பேசவில்லை. சட்டைக்கையைச் சுருட்டினார்.
"தொட்டுப் பாருங்க சாரே."
ஊசி குத்திக் குத்திப் புடைத்த நரம்பில்
எம்.எல்.ஏ. விரலை வைத்தார்.
கரையேறிய வள்ளத்தில் அணைக்க மறந்த எஞ்சின்போல
உள்ளே கிடந்து துடித்தது.
விரலை அவர் உடனே எடுக்கவில்லை.
"டிரைவர் இல்லேம்பானுவளே?"
"புது டிரைவர் வேண்டாம்" என்று
திங்கள்சந்தைக் கணக்கைக் காட்டினேன்.
போன் பண்ணினார்.

அதோடு நடந்துவிடவில்லை.
ஒவ்வொரு மாதமும் முதல் திங்கள் போய் நின்றேன்.
"வந்தாச்சா" என்பார் ஸ்ரீகண்டன், தலை நிமிராமல்.
ஐந்தாம் மாதம் பேரவையில் அரை நிமிடக் கேள்வி.
எங்கள் தாளைத்தான் வாசித்தார்,
'குறும்பனை'யை நாங்கள் 'குறும்பை' என்று
தவறாய் அச்சடித்ததைக்கூட விடாமல்.
ததேயு அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு!

பஸ் ஓடிற்று.
ஆட்டோ வாடகை என்ற கட்டத்தில் கோடு போட்டு,
அந்தப் பக்கத்தை நகலெடுத்து, சால்வை இல்லாமல் போய்க்
கையில் கொடுத்தோம். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
வேண்டாதபோது யாரும் வருவதில்லை போலும்.

தேர்தல் வந்தது. ஆள் மாறிற்று, கட்சி மாறிற்று,
ஸ்ரீகண்டன் நாற்காலியில் ஷெர்லின் என்றொரு பெண்.
புதியவரும் சொன்னார்: "ஆவன செய்வோம்."
"எந்தத் தேதிக்குள்ள சார்?" என்று
குறிப்பேட்டைத் திறந்தேன்.

இம்முறை ததேயுவின் புகார் வேறு.
ஊசி போட்டு வரும் நாளில் கால் எழும்பவில்லையாம்,
பஸ் படி உயரமாம்.
மகளின் டப்பாவிலிருந்து ஸ்கேலை எடுத்துக்கொண்டு
ஐந்து மணிக்கு நிறுத்தத்தில் நின்றேன்.
கண்டக்டர் விசில் அடிக்குமுன் அளந்துவிட்டேன்.
பதினேழு அங்குலம்.