ராத்திரி எட்டு மணிக்கு ஒன்று

அக்கி வந்து ஆறிய இடம், இடது விலா.
சட்டை பட்டாலே எரியும், ஆறு மாதமாக.
பஸ்ஸில் யாராவது இடித்துவிட்டால்
அவர் ஏழு தலைமுறைக்கும் வாழ்த்துச் சொல்வேன்.

டாக்டரம்மா எழுதிய சீட்டை
மெடிக்கல் ஷாப் பையன் இரண்டு தரம் பார்த்தான்.
அமிட்ரிப்டிலின்.
"அண்ணே, இது மனசுக்குக் கொடுக்கிறது."

காலையிலிருந்து பாகாயம் பாகாயம் என்று
கூவிப் பிழைக்கிறவன் நான்.
அந்தப் பெயரைச் சொல்லி இந்த ஊர் எப்படிச் சிரிக்கும் என்று
எனக்கா தெரியாது?
திரும்பிப் போய்ச் சண்டை போட்டேன்.

"நரம்புக்கும் இதுதான், கன்னியப்பன்.
மனசுக்கு நிறைய, நரம்புக்குக் கொஞ்சம்.
ராத்திரி எட்டு மணிக்கு ஒன்று.
வாய் மட்டும் காயும்."

மட்டுமா!
நாக்கு, விருதம்பட்டுப் பாலத்துக்கு அடியில் கிடக்கிற மணல்.
டிக்கெட் கிழிக்க விரலை வாயில் வைத்தால்
விரல்தான் நாக்கை நனைக்க வேண்டும்.
ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு,
எச்சில் இல்லாத கண்டக்டர்
என்று டிரைவர் மஸ்தான் பட்டியலை நீட்டினார்.
பாங்கிக் கேஷியர் மாதிரி
ஓர் ஈர ஸ்பாஞ்சு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

மூன்றாவது வாரம், கிரீன் சர்க்கிள் நெரிசல்.
பள்ளிக்கூடப் பை ஒன்று விலாவில் மோதியது.
நான் திட்டவில்லை என்பதே
சித்தூர் பஸ் ஸ்டாண்ட் தாண்டித்தான் உறைத்தது.

இன்னொன்றும் போயிருந்தது.
மருந்தாலா, வலி விட்டதாலா, தெரியாது.
டாக்டரம்மாவிடம் அதைச் சொன்னதில்லை.
கடைசி டிரிப்பில், பாலத்தின் நடுவில்,
பின்படிக்கட்டில் நிற்கும் என் கை
கம்பியைக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கும்.
அவ்வளவுதான். தினமும்.
அக்கிக்கு முன்பிருந்தே.
இப்போது அந்தக் கை
பிடித்தது பிடித்தபடி சும்மா இருக்கிறது.

நேற்று நடுராத்திரி தாகமெடுத்து எழுந்தேன்.
சமையல்கட்டில் விளக்கு.
அஞ்சலாட்சி அரிசி டிரம்முக்குள்ளிருந்து
மாத்திரை அட்டையை எடுத்து
ஒவ்வொரு குமிழாகத் தடவி எண்ணுகிறாள்,
நான் கலெக்‌ஷன் எண்ணுகிற அதே மும்முரத்தில்.
தினம் ஒன்றுதான் கையில் தருவாள்.
நான் மறதிக்காரன் என்பதால் என்று நினைத்திருந்தேன்.

உதடு அசைகிறது: பதினேழு.
விரலில் எச்சில் தொட்டு
நோட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறாள்.
முந்தின பக்கங்களிலும் எண்கள்,
அக்கி வருமுன் வீட்டிலிருந்த
எலி மருந்து, தூக்க மாத்திரை, எல்லாவற்றுக்கும்.

தண்ணி குடிக்காமலே
வந்து படுத்துக்கொண்டேன்.