கறார்

அகராதி அலுவலகத்தில் ‘க’ வரிசை எனக்கு.
கறவையைக் கொட்டிலில் கட்டிவிட்டுக்
கறாரிடம் வந்தேன்.
அட்டையில் எழுதினேன்:
பேச்சு வழக்கு. விட்டுக்கொடுக்காத.
எ-டு: பண விஷயத்தில் அவர் கறார்.

அறவாழி ஐயா சிவப்பு மையில் கேட்டிருந்தார்:
முன்னாலேயே ‘கண்டிப்பு’ உட்கார்ந்திருக்கிறதே,
இவன் எதற்கு?

பதில் தெரியாமல்
சாயங்காலம் புதுப்பேட்டை போனேன்.
ஜாம்பஜாரில் நிறுத்திய வண்டியிலிருந்து
யாரோ கழற்றிக்கொண்டு போன
இடப்பக்கக் கண்ணாடிக்காக.

ஷம்ஷாத் கடையில்
சைலன்சர்கள் கொத்துக்கொத்தாய்த் தொங்கின.
“எரநூத்தி எம்பது.”
நூற்றைம்பதில் ஆரம்பித்தேன்.
விரிசலைக் காட்டினேன். மழையைக் காட்டினேன்.
மாசக் கடைசியைக் காட்டினேன்.
அவள் கண்ணாடியைத் திருப்பி
என் மூஞ்சியை எனக்குக் காட்டினாள்.

அப்போது பார்த்தேன், அதன் முதுகில்
நகப்பூச்சில் ஒரு ‘ந’.
என் மகள் நறுமுகை போட்டது.

“இது என்னுது.”
“இருக்கட்டும்.
உன்னுதா இருந்தாலும் எரநூத்தி எம்பதுதான்.
நானும் துட்டு குட்த்துதான் வாங்கினேன்.”

கண்டிப்பு என்றால் குரல் உயரும், விரல் ஆடும்.
இவள் போனில் யாரையோ
கத்திரிக்காய் வாங்கிவரச் சொல்லிக்கொண்டே
என் கண்ணைப் பார்த்தாள்.

முந்நூறு கொடுத்து
தோற்றவனின் பெருந்தன்மையோடு சொன்னேன்:
“மீதி வச்சுக்குங்க.”
காதில் வாங்கவில்லை.
பையனை டீக்கடைக்கு விரட்டினாள்.
கூவம் நாற்றத்தில் பத்து நிமிடம் நின்றேன்.
வந்த இரண்டு பத்து ரூபாயில் ஒன்று கிழிசல்.
அதைத் திருப்பியனுப்பினாள்.
இன்னும் ஆறு நிமிடம்.

அந்த ஆறு நிமிடத்தில்தான்
வார்த்தையை அவளிடம் கேட்டேன்.

“கறாரா?
எங்க ஊட்டு உருதுல
பேசி முடிச்ச பேச்சு, அது கரார்.
மன்சு அடங்கி குந்துறதும் அதே கரார்தான்.
தூக்கம் வராம பொரள்றவன் பேகரார்.
எத்தினி நாளா இத்தத் தேட்னே?”

எட்டு நாள், என்றேன்.

“இன்னிக்குத் தூங்கு.”

வீட்டில் அட்டையை எடுத்து
எழுதியதை அடித்தேன்.
மேலே எழுத இடமில்லை.
ஓரத்தில், படுக்கைவசமாக,
‘இரண்டு பக்கமும் வெட்டும்’ என்று ஆரம்பித்து
அதையும் அடித்தேன்.

நறுமுகை தன் ‘ந’வைத் தடவிப் பார்த்தாள்.
எவ்வளவு என்றாள். சொன்னேன்.

“நம்முளுதுன்னு சொல்லியுமா
கொறைக்கல?”