மாறா எடை

தலவாக்கலையில் மூன்றாம் நாளும் மழை.
ஃபிஜியிலிருந்து வந்த காவா வேர்
மிளகுக்குச் சொந்தம், வெற்றிலைக்கும்.
மணம் என்னவோ ஈரச்சாக்கு.
அரைத்து, ஐம்பது ஐம்பது கிராமாய்
நாலு குடுவைக்குப் பங்கு வைத்தேன்.

ஹெக்சேனுக்கு அவசரம்.
மேலெண்ணெயை மட்டும் வழித்துக்கொண்டு
வந்த சுவடு தெரியாமல் கிளம்பியது.
எதனோல் நிதானம்; தேன் நிறத்தில் இறங்கி
கேட்டதோடு கேட்காததையும் கொண்டுவந்தது.
அசற்றோன்தான் பேராசை.
வடிதாள் காயுமுன்பே
கண்ணாடியெங்கும் பொன்மஞ்சள் பிசின்.

தண்ணீரை மட்டும் கையால் பிசைய வேண்டியிருந்தது,
துணியில் கட்டி இருபது நிமிடம்.
சேற்றுக் கலங்கல். அதில் பாதி கரையவே இல்லை,
சும்மா மிதந்தபடி கூட வந்தது.

ஹேரத் சேர் கதவடியில் நின்று
"எதுல கூட?" என்றார்.
இன்னும் உலரவில்லை, சேர்.

உலர்த்து, நிறு. உலர்த்து, நிறு.
இரண்டு தரம் ஒரே எண் வரும்வரை
எந்த எடையும் எடையல்ல.
முதன்முதல் இந்த விதியைப் படித்த அன்று
வகுப்பில் சத்தமாய்ச் சிரித்துவிட்டேன்.
அம்மாவின் கொழுந்துக்கு
முள் ஆடி நிற்குமுன்பே
"தண்ணிக்கு மூணு கிலோ" என்று வெட்டுவார்கள்.
மாசி வெயிலிலும் தண்ணிக்கு மூணு.
ஒருவரும் உலர்த்திப் பார்த்ததில்லை.

நாலரைக்குக் கரண்ட் போனது.
சூளை ஆறும்வரை
இருட்டில் என்ன செய்ய?
கூடாதுதான்.
நாலில் வாய்க்கு ஆகும் ஒரே குடுவை அது;
மிஞ்சிய கலங்கலில் விரல் தோய்த்து
நாக்கில் வைத்தேன்.
மண். உறைப்பு.
பிறகு ஒன்றுமில்லை,
நுனி நாக்கு வேறு யாருடையதோ.

வெளிச்சம் வந்தது. சேரும் வந்தார்.
"சொல்லுங்க லோஜினி, எது?"
அசற்றோன் என்பதில் நடுவெழுத்து தட்டவில்லை.
"அசஹோன்."
"குளிரா?"
ஆமென்று தலையாட்டினேன்.

இரவு எட்டு மணிக்கு நாலும் அசையாமல் நின்றன.
அட்டவணையில் எழுதினேன்:
அசற்றோன் 5.42
எதனோல் 4.87
ஹெக்சேன் 2.10
தண்ணீர் 3.06, அதற்கு நேரே
குறிப்புக் கட்டத்தில், யாரும் கேட்காமலே:
உலர்த்தி நிறுத்தது.
வேறெதுவும் கழிக்கவில்லை.