ஞாயிறு நாலு மணிக்குக் கப்பல்

வியாழக்கிழமையே வந்து இறங்கிவிட்டோம்.
விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது என்றார் இவர்.
வராத விபத்துகளோடு
இவருக்கு எப்போதும் பழக்கம் அதிகம்.

சான் ஹுவான். பழைய நகரம்.
மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, அறுபத்திரண்டு படி.
சாவி கொடுத்த மிக்டாலியா
படுக்கையைக் காட்டும் முன் டார்ச் விளக்கைக் காட்டினாள்.
"மின்சாரம் போகும். வரும்.
எப்போது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்."

மழை விட்டதும் தெருக்கல் நீலமாகிறது.
இரும்பு உருக்கிய கசடாம்.
வெறுமனே வந்த கப்பல்கள் கவிழாதிருக்க
அடிவயிற்றில் போட்டுக்கொண்டு வந்ததாம்.
பாரத்துக்கு வந்த கல்
பாதையாகிப் படுத்துவிட்டது.
என் செருப்புதான் வழுக்குகிறது.
எதிரே ஒருத்தி, குதிகால் உயர்ந்த செருப்போடு,
கைபேசியில் யாரையோ திட்டிக்கொண்டே
சரிவில் இறங்கிப் போகிறாள்.

வெள்ளி. மருந்துக்கடை.
குமட்டலுக்கு மாத்திரை கேட்டார் இவர்.
எலியேசர் என்று சட்டையில் தைத்திருந்த பையன்
சிரிக்காமல் சொன்னான்:
"ஏறுவதற்கு முன்னால் போடுங்கள்.
ஏறிய பிறகு ஞாபகம் வந்தால், இஞ்சி.
அதற்கும் பிறகென்றால், வாளி."

வெளியே வண்டிக்காரன்
பனிக்கட்டியைச் சீவிக் கூம்பாக்கி
மேலே பழுப்பாய் எதையோ ஊற்றினான்.
"தமரிந்தோ," என்றான்,
உலகத்துக்கே ஒன்றை அறிமுகம் செய்கிற பெருமையோடு.
புளி, என்றது நாக்கு.
நான் காட்டிக்கொள்ளவில்லை.
கண்ணைச் சுருக்கி, ஆச்சரியப்பட்டு,
இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.

அன்றிரவு மின்சாரம் போனது.
தெரு முழுக்க ஒரே குரலில் "ஆய்!"
பிறகு ஜெனரேட்டர்கள்
ஒன்றன்பின் ஒன்றாக இருமத் தொடங்கின.
மிக்டாலியாவிடம் ஜெனரேட்டர் இல்லை.
மொட்டைமாடிக்குக் கூப்பிட்டாள்:
உருகுமுன் தின்றாக வேண்டிய தேங்காய் ஐஸ்கிரீம்,
மூன்று கரண்டி.
துறைமுகத்தில் ஒரு கப்பல் நின்றது,
பதினான்கு மாடியும் எரிந்தபடி.
அந்த வெளிச்சத்தில்தான் அவள் கிண்ணம் தேடினாள்.
எங்கோ பூந்தொட்டியில் நகத்தளவு தவளை
கோ-கீ, கோ-கீ என்று
தன் பெயரைத் தானே கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"அதில் எப்போதாவது போயிருக்கிறீர்களா?"
கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"பதினோரு வருஷம்," என்றாள்.
"கீழ்த்தளம், சலவை. ஜன்னல் கிடையாது.
பார்படோஸுக்கு எத்தனையோ தடவை போயாயிற்று.
எப்படி இருக்கிறது அந்த ஊர்?
பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்."

கரண்டி கிண்ணத்தில் படும் சத்தம்
கொஞ்ச நேரம்.

சனிக்கிழமை கோட்டை மைதானத்தில்
இவர் ஒரு பட்டம் வாங்கினார்,
ஐம்பத்தெட்டு வயதில், பேரம் பேசாமல்.
காற்று அவரைக் கேட்காமலே இழுத்தது.
முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமி
பொறுக்க மாட்டாமல் ஓடி வந்து
நூலைப் பிடுங்கி விட்டுக் காட்டினாள்.
பட்டம் ஏறியது. திருப்பித் தரவில்லை.
நாங்களும் கேட்கவில்லை.

ஞாயிறு.
பெட்டி, அட்டை, வரிசை, அப்புறம் இன்னொரு வரிசை.
கப்பல் அறையில், கட்டில் மேல்,
வெள்ளைத் துண்டை அன்னமாக மடித்து வைத்திருந்தார்கள்.
இவர் படம் எடுத்தார்.
கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன்.
உள்மடிப்பில் இன்னும் சூடு இருந்தது.
குளித்துவிட்டுப் புடவைத் தலைப்பிலேயே
முகம் துடைத்துக்கொண்டேன்.

நாலு மணி. பத்தாம் தளம்.
நகரம் பக்கவாட்டில் நகர்ந்தது.
எல்லோரும் கோட்டையைப் பார்க்க,
நான் தெருக்களை எண்ணினேன்.
மஞ்சள் சுவர், கறுப்புத் தண்ணீர்த் தொட்டி,
அதோ, கொடியில்
நாங்கள் படுத்திருந்த விரிப்பு.
வெள்ளி காலையில் இவர் கொட்டிய காப்பிக் கறை
இங்கிருந்து தெரியவில்லை.
போயிருக்கும்.
அவளுக்குத் தெரியாததா.